இருபத்தெட்டு அங்குலச் சக்கரத்தின் கதை

சைக்கிள் கடையில் வரிசையாகத் தொங்கும் டயர்களில் 28 என்று எண் போட்ட இரண்டை எடுத்துப் பாருங்கள். ஒன்று நம் அப்பா காலத்துக் கறுப்பு வண்டிக்கான 28 x 1½. மற்றொன்று பேரன் வைத்திருக்கும் கியர் வண்டிக்கானது. அதில் 700 என்ற எண்ணோடு பக்கத்தில் 28 என்றும் இருக்கும். இரண்டுக்கும் 28 தான். ஆனால் முதல் டயரை இரண்டாவது ரிம்மில் மாட்டினால் தொளதொளவென்று நிற்கும். இரண்டாவதை முதல் ரிம்மில் ஏற்றவே முடியாது. ஒரே எண்ணுக்கு இரண்டு அளவு ஏன் வந்தது என்று தேடப் போனால், அது கவென்ட்ரியில் ஆரம்பித்து அம்பத்தூர் வழியாக நம் மயிலாப்பூர் மாடவீதி வரைக்கும் வருகிறது. பழைய சைக்கிளைத் தூக்கிப் போடலாமா, சக்கரத்தை மட்டும் மாற்றி ஓட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தக் கதை உதவும்.

முதலில் சீமைக் கதை. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே உயரம், பின் சக்கரத்தைச் செயின் இழுக்கும், நடுவில் உட்கார்ந்து மிதிக்கலாம் என்ற அமைப்பு 1885ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளோடு நிலைபெற்றது. அதற்கு முன் முன்சக்கரம் ஆள் உயரம் இருக்கும், பின்சக்கரம் தட்டு அளவு. மூன்று வருஷம் கழித்து 1888ல் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த கால்நடை மருத்துவர் டன்லப், தன் மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் தெருவில் குலுங்காமல் போகட்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். அதற்கப்புறம் வந்ததுதான் நாம் எல்லோரும் வாயில் வைத்து ஊதிப் பார்த்த அந்த வால்டியூப் வால்வு. இன்றைக்கும் நம் ஊர்ச் சாதாரண சைக்கிளில் இருப்பது கிட்டத்தட்ட அதே வால்வுதான்.

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சாலைகள் நம்முடையதைவிட மேலானவை என்று நினைக்க வேண்டாம். பள்ளத்தில் விழுந்து எழச் சிறிய சக்கரத்தைவிடப் பெரிய சக்கரம்தான் நல்லது. அதனால் நெடுந்தூரம் ஓட்டும் கனமான வண்டிகளுக்கு 28 அங்குலம் வழக்கமாயிற்று. 28 என்பது காற்றடித்த டயரின் வெளி விட்டம். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர். பிரான்ஸ்காரர்கள் தங்கள் பக்கத்தில் 700 என்று பெயர் வைத்துச் செய்ததில், 700சி வகைக்கு அதே இடம் 622 மில்லிமீட்டர். வெளி விட்டம் இரண்டுக்கும் சுமார் 28 அங்குலம் வந்துவிட்டதால் பெயர் ஒன்றாகிவிட்டது. வித்தியாசம் 13 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. குழப்பம் மட்டும் இன்றுவரை தீரவில்லை.

மெட்ராஸுக்கு வந்த சைக்கிள்கள் சீமைச் சைக்கிள்கள். ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் என்று பெயரைச் சொல்லும்போதே பெரியவர்களுக்கு முகம் மலரும். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனி. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்தின மாதிரி இருக்கும் அதன் சின்னத்தைப் பழைய வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். ஹெர்குலிஸும் பர்மிங்ஹாம்தான். மலிவாக, ஏராளமாகச் செய்து விற்றவர்கள். 1946ல் ஹெர்குலிஸை டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற ஆங்கிலக் குழுமம் வாங்கியது.

சுதந்திரம் வந்தபின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. இங்கேயே செய்தால்தான் விற்க முடியும் என்ற நிலை. 1949ல் முருகப்பா குடும்பத்தாரும் அந்த ஆங்கிலக் குழுமமும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1951ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வர ஆரம்பித்தது. பிறகு ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களும் அங்கேயே செய்யப்பட்டன. ஆங்கிலக் குழுமத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் 1966ல் திறந்த மருத்துவமனை இன்றும் இருக்கிறது. அந்தப் பெயருக்கும் நம் சைக்கிளுக்கும் தொடர்பு உண்டு என்பது அங்கே வைத்தியத்துக்குப் போகிற பலருக்குத் தெரியாது.

ஒரு சைக்கிள் செய்ய ஒரு தொழிற்சாலை போதாது. ஃபிரேமுக்கு இரும்புக் குழாய் வேண்டும்: 1955ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. டயர் வேண்டும்: 1959ல் அம்பத்தூரில் டன்லப் வந்தது. செயினுக்கு டயமண்ட், டைனமோ விளக்குக்கு மில்லர், சீட்டுக்கு ரைட் என்று ஒவ்வொன்றும் மெட்ராஸைச் சுற்றியே தயாராயிற்று. இன்று கார் ஊர் என்று பெயர் வாங்கியிருக்கிற சென்னையின் மேற்குப் பக்கம், அதற்கு முன் சைக்கிள் ஊராக இருந்தது. அதே சமயம் வடக்கே லூதியானாவில் சிறு சிறு பட்டறைகள் ரிம், ஹப், பெடல், ஸ்போக்ஸ் என்று தனித்தனியாகச் செய்து குவித்தன. 1956ல் அங்கே சைக்கிள் செய்ய ஆரம்பித்த ஹீரோ, 1986ல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸில் ஏறியது. அரசாங்கமும் பல சைக்கிள் பாகங்களைச் சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கி வைத்தது.

இதனால் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் நடந்தன. நல்லது, எல்லோரும் ஒரே அளவில் செய்தார்கள். அம்பத்தூர் வண்டிக்கு லூதியானா ஹப் பொருந்தும். முன்சக்கர ஹப்பில் பக்கத்துக்குப் பத்துச் சின்ன பால்ரஸ் குண்டு, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டு. ஃப்ரீவீலின் மரை எல்லா வண்டிக்கும் ஒன்றே. முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. இது ஆங்கிலேயர் கணக்கு. ஓட்டுகிறவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் விழுகிறது, கேரியரில் ஏறுகிறவரும் அங்கேதான் உட்காருகிறார், அதனால் பின்னால் எட்டுக் கம்பி அதிகம். தச்சூரிலோ தஞ்சாவூரிலோ எங்கே வண்டி நின்றாலும் மரத்தடியில் மரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பவரிடம் அதற்கு வேண்டிய சாமான் இருக்கும்.

கெட்டது, முப்பது வருஷம் வண்டி கொஞ்சமும் மாறவில்லை. 1902லேயே இங்கிலாந்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் வந்துவிட்டது. 1921ல் ஜப்பானின் சகாய் நகரில் ஷிமானோ என்பவர் ஒரு பட்டறை வைத்து, முதல் பொருளாக ஃப்ரீவீல் செய்ய ஆரம்பித்தார். இன்று உலகத்து கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர்தான் இருக்கிறது. நாம் 1970களிலும் இரும்பு ரிம், கம்பி பிரேக், ஒரே கியர் என்றே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

மெட்ராஸுக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. மேடு என்று சொல்ல இங்கே பரங்கிமலையை விட்டால் என்ன இருக்கிறது? 1973ல் ஜெமினி மேம்பாலம் வரும்வரை நகருக்குள் இறங்கித் தள்ள வேண்டிய அவசியம் அதிகம் வந்ததில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், 28 அங்குலச் சக்கரம் ஒரு முழு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். கபாலி கோயில் குளத்திலிருந்து பனகல் பார்க் சுமார் ஐந்து கிலோமீட்டர். தொள்ளாயிரம் மிதிக்குச் சற்று மேல். காலையில் போகும்போது ஒன்றும் தெரியாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பின பிறகு தி.நகரிலிருந்து கிழக்கே திரும்பி வந்தால்தான் அந்தத் தொள்ளாயிரமும் ஆயிரத்தைந்நூறு மாதிரி இருக்கும்.

மாற்றம் இல்லை என்றாலும் அலங்காரத்துக்குக் குறைவில்லை. அந்தக் காலத்தில் சைக்கிளை மேம்படுத்துவது என்றால் டைனமோ மாட்டுவது, ஹப்பைச் சுற்றிப் பிரஷ் வளையம் போட்டு அது தானாகத் துடைப்பதைப் பார்த்து மகிழ்வது, சீட்டுக்கு உறை, மட்கார்டுக்கு ரப்பர் குஞ்சம், போக்ஸ் கம்பியில் கலர் மணி. டைனமோ மட்டும் அலங்காரம் இல்லை. விளக்கு இல்லாமல் ராத்திரி போனால் போலீஸ்காரர் நிறுத்துவார், டபுள்ஸ் போனாலும் நிறுத்துவார். வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை ஓவராயில் செய்யக் கொடுப்போம். எல்லாப் பாகமும் கழற்றப்பட்டு மண்ணெண்ணெயில் ஊறும். மாலையில் வாங்கிக்கொண்டு வரும்போது புது வண்டி ஓட்டுவது போல இருக்கும். அப்போது புரியாத ஒரு விஷயம் இப்போது புரிகிறது: எந்தப் புதுச் சாமானும் மாட்டாமல், குண்டை மாற்றிக் கிரீஸ் போட்டு, சக்கரத்தின் பெண்டை எடுத்ததிலேயே அந்தச் சுகம் வந்தது.

பெண்டு எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைக்கிள் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி இல்லை. மாட்டுவண்டியில் அச்சு கீழே உள்ள மரக்காலின் மேல் நிற்கிறது. சைக்கிளின் மெல்லிய கம்பி பாரத்தைத் தாங்கி நிற்க முடியாது, வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பிகளையும் முதலிலேயே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். பாரம் ஏறும்போது தரையோரம் இருக்கும் சில கம்பிகளின் இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 450 தடவை. கம்பி ஒடிவது பெரும்பாலும் இந்த ஓயாத தளர்ச்சியால்தான். ஒரு கம்பி லூஸாக இருந்தால் பக்கத்துக் கம்பியும் சீக்கிரம் போகும். ஆகவே எத்தனை கம்பி, எவ்வளவு தடி என்பதைவிட எல்லாம் ஒரே அளவு இறுகியிருக்கின்றனவா என்பதே முக்கியம். தேர்ந்த ரிப்பேர்காரர் விரலால் கம்பிகளைத் தட்டித் தட்டிக் கேட்பார். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதற்கும் இதற்கும் காதைப் பொறுத்தவரை வித்தியாசம் குறைவு. மயிலாப்பூரில் இரண்டு வேலையும் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஒருவருக்குத்தான் சபாவில் பொன்னாடை கிடைத்தது.

பழைய வண்டியின் கம்பி பிரேக், ரிம்மின் உள்வட்டத்தை மேல்நோக்கிப் பிடிக்கும். சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் அதற்குக் கவலையில்லை. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற இளைஞர் வண்டிகளும் லேடீஸ் சைக்கிள்களும் பரவியபோது 26 x 1⅜ சக்கரமும், ஒயர் இழுத்து ரிம்மின் இரண்டு பக்கத்தையும் கவ்வும் பிரேக்கும் பரவின. வண்டி இலேசாயிற்று, காலேஜ் பெண்கள் எளிதாக ஓட்ட முடிந்தது. ஆனால் சக்கரம் ஆடினால் பிரேக் உரசும், உரசாமல் இருக்கத் தளர்த்தினால் பிடிக்காது. பெண்டு எடுப்பது சுகத்துக்கான வேலையாக இருந்தது போய், உயிருக்கான வேலை ஆயிற்று.

அதைவிட ஆபத்து, பளபளக்கும் குரோம் ரிம். மழையில் நனைந்த குரோமின் மேல் பிரேக் ரப்பர் வழுக்கும். ஐப்பசி மழையில் பிரேக்கை அழுத்தியும் வண்டி பாட்டுக்குப் போய், செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தாதவர் நம் வயதில் யார் இருக்கிறார்கள்? அலுமினியம் கலந்த அலாய் ரிம்மில் ஈரத்திலும் ரப்பர் நன்றாகப் பிடிக்கும். பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி உப்புக்காற்று வீசும் இடங்களில் குரோம் உரிந்து துருப்பிடிக்கிற மாதிரி அது துருப்பிடிக்கவும் செய்யாது. எடை குறைவு என்று கடைக்காரர் சொல்லுவார். உண்மைதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிம்மில் குறையும் ஒரு கிலோ, நின்று கிளம்பும்போது இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம். ஒரே வேகத்தில் சமதரையில் போகும்போது அந்த லாபம் இல்லை. வண்டியும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால் இரண்டு கிலோ என்பது தொந்தியில் குறைத்தாலும் வருகிற லாபம். அலாய் ரிம் வாங்கக் காரணம் பிரேக்தான்.

1991க்குப் பின் கதவு திறந்தது. தடித்த டயர் போட்ட மலை சைக்கிள்கள் மேடே இல்லாத ஊரில் வலம் வந்தன. கியர் வண்டிகள் வந்தன. 2019ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை திறந்தார்கள், அதே வருஷம் செல்போனில் திறந்து எடுத்துக்கொண்டு போகும் வாடகை சைக்கிளும் வந்தது. மணிக்கு இத்தனை காசு என்று நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு குட்டி சைக்கிள் தந்த கடைகள் அதற்கு முன்பே மறைந்துவிட்டன. 2020 ஊரடங்கின்போது ஊரெல்லாம் சைக்கிள் வாங்கியது, கடைகளில் வண்டி கிடைக்கவில்லை. இப்போது விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சில காலம் முன்புவரை பந்தயக்காரர்கள் 23 மில்லிமீட்டர் ஒல்லி டயர்தான் வேகம் என்றார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்து, கரடுமுரடான சாலையில் அகல டயர்தான் இலேசாக உருளும் என்று 28, 30, 32 என்று ஏறிவிட்டார்கள். மண் சாலையிலும் தார்ச் சாலையிலும் ஓட்டலாம் என்று இன்று அதிக விலைக்கு விற்கும் கிராவல் சைக்கிளின் டயர் பல வண்டிகளில் 40-622. நம் அப்பாவின் 28 x 1½ டயர் 40-635. அதே அகலம். விட்டத்தில் அந்தப் பழைய 13 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். குண்டும் குழியுமான தெருவுக்கு ஏற்ற சக்கரம் எது என்பது நூறு வருஷம் முன்பே தெரிந்திருக்கிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வைத்து என்ன செய்யலாம்? முதலில் அங்குலத்தை நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 37-590 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம். இரண்டாவது எண் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும். 26 என்று சொல்லிக்கொண்டு 590 உண்டு, மலை சைக்கிளின் 559 உண்டு. 29 என்று இப்போது விற்பது வேறொன்றுமில்லை, அதே 622தான்.

பிறகு செலவின் வரிசை. பிரேக் ரப்பரையும் ஒயரையும் மாற்றுங்கள், மிகக் குறைந்த செலவு, மிகப் பெரிய பலன். அடுத்து நல்ல டயர், டியூப். மூன்றாவது ஓவராயில். முழங்கால் வலிக்கிறவர்கள் கியர் வண்டிக்கு ஓடுமுன், பின்னால் இருக்கும் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் போட்டுப் பாருங்கள். மரை ஒன்றேதான், செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டிவரும். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் என்பது நாலரை மீட்டராகும். மெதுவாகப் போவீர்கள், மேம்பாலத்தில் இறங்காமல் போவீர்கள். அலாய் ரிம் அதற்கப்புறம். ஒயர் பிரேக் வண்டியில், பிரேக் கட்டை ஆறேழு மில்லிமீட்டர் கீழே இறங்க இடம் இருந்தால் 635க்குப் பதில் 622 போட்டுக்கொள்ளலாம், டயர் தாராளமாகக் கிடைக்கும். கம்பி பிரேக் வண்டிக்கு இது ஒத்துவராது, அதன் ரிம்மின் வடிவமே வேறு. ஏழு, எட்டு கியர் ஆசை இருந்தால் வேறு வண்டி வாங்குவதே நல்லது. இன்றைய கியர் ஹப் 135 மில்லிமீட்டர் அகலம் கேட்கும். பழைய வண்டியின் பின்கவட்டை அவ்வளவு விரியாது, விரித்தால் வண்டி கெடும்.

கடைசியாக ஒன்று. புதுச் சக்கரத்தின் விலையைக் கேட்கும்போதே, கம்பி ஒடிந்தால் அதே கம்பி எங்கே கிடைக்கும், யார் போடுவார் என்றும் கேளுங்கள். சில விலை உயர்ந்த சக்கரங்களில் இருபதே கம்பி, அதுவும் தனி அளவு. ஒன்று போனால் சக்கரம் ஃபோர்க்கில் இடிக்கும், வண்டி நகராது, கம்பி வரும்வரை வாரக்கணக்கில் சுவரில் சாய்ந்திருக்கும். 40 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் வீடு வரை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் ஊர் ஊராக ஓடுவதற்கு, எந்தக் குக்கிராமத்திலும் அதற்குச் சாமான் கிடைப்பதும் ஒரு காரணம். மந்தைவெளியிலும் அடையாறிலும் மரத்தடிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வருகின்றன. நம் தெருவில் இன்னும் ஒருவர் உட்கார்ந்திருந்தால், வண்டி நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஓவராயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் இருக்கிறவரைதான் நம் பழைய 28க்கும் ஓட்டம்.